கடன் பாக்கியுள்ள ஃபிளாட்டை பவர் எழுதி விற்கலாமா?

கேள்வி:
மடிப்பாக்கம் ஃபிளாட்டில் இன்னும் 18 லட்சம் வங்கிக் கடன் இருக்கிறது. வாங்க வந்தவர் 20 லட்சம் ரொக்கமாகத் தருகிறேன், இஎம்ஐயை நானே கட்டுகிறேன், கடன் முடிந்ததும் பத்திரம் பதியலாம், இப்போதைக்கு பவர் (உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிச் சாவியைக் கொடுங்கள் என்கிறார். அப்பாவுக்குச் சம்மதம், எனக்குத்தான் உறுத்துகிறது.

பதில் 1:
வேண்டவே வேண்டாம். கடன் உங்கள் பெயரில்தான் ஓடும். அவர் மூன்று மாதம் கட்டாவிட்டால் சிபில் (கடன் மதிப்பெண்) கெடுவதும், வீட்டை எடுத்து விற்க வங்கி அனுப்பும் சர்ஃபேசி சட்ட நோட்டீஸ் வருவதும் உங்களுக்குத்தான். பவர் பத்திரத்தால் வீட்டின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லிவிட்டது. அப்புறம் அந்த ரொக்கம்: வீடு விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் போடலாம், அதுவும் விற்ற உங்கள் மேல்.

பதில் 2:
எங்கள் சித்தப்பா இப்படித்தான் சாவியைக் கொடுத்தார். ஏழாவது மாதம் இஎம்ஐ நின்றது. போய்ப் பார்த்தால் கதவில் புதுப் பூட்டு, பால்கனியில் யாரோ வாடகைக்காரரின் துணி காய்கிறது. இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறார்.

பதில் 3:
வாங்குபவரை லோன் போடச் சொல்லுங்கள், அவருடைய வங்கியே உங்கள் கடனை நேரடியாக அடைத்துவிடும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விடாதீர்கள், தமிழ்நாட்டில் அது கட்டாயம். பத்திரம் பதியும் வரை சாவி அப்பாவிடமே இருக்கட்டும்.