1/12 என்எஸ்ஆர்500: மழைக்காலத்துல பெயின்ட் மங்குது, டெக்கலுக்கு அடியில வெள்ளி தெரியுது. என்ன பண்ணலாம்?

ஸ்ப்ரூவெட்டி:

டாமியா 1/12 ஹோண்டா என்எஸ்ஆர்500 ரேஸ் பைக் பிளாஸ்டிக் கிட், 1984 மாடல். கார், பிளேன் எல்லாம் கட்டியிருக்கேன். பைக் இதுதான் முதல். இடம் வேளச்சேரி, மூணாவது மாடி பிளாட். 0.3 நாசில் ஏர்பிரஷ், காத்து சேமிக்கிற டேங்க் இல்லாத சின்ன கம்ப்ரசர்.

பாடிக்கு டாமியா லாக்கர் பெயின்ட் எல்பி-2 வெள்ளை, அது மேல மாஸ்க் பண்ணி சிவப்பு, நீலம். வெள்ளை காஞ்சதும் முட்டை ஓடு மாதிரி ஆயிடுச்சு. நீலத்துல லேசா பால் ஊத்தின மாதிரி ஒரு மூட்டம். கடைசியில கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிச்சா சரியாயிடும்னு பைக்கோட டேங்க் கவர்ல டெக்கல் (தண்ணியில ஊறவெச்சு ஒட்டற ஸ்டிக்கர்) ஒட்டிட்டேன். இப்ப நீலத்து மேல இருக்கிற டெக்கலுக்கு அடியில எல்லாம் வெள்ளி வெள்ளியா தெரியுது, சுத்தி வெள்ளைத் திட்டு வேற. பக்க ஃபேரிங்ல (பைக்கோட வெளி மூடி) இன்னும் டெக்கல் போடல.

இன்னொண்ணு, நாலு சேம்பரும் (புகைபோக்கிக் குழாய்) ரெண்டு ரெண்டு பாதியா ஒட்டணும். ஒட்டின கோடு நீளத்துக்கும் தெரியுது. பிரேக் ஹோஸ், பிளக் வயர் எல்லாம் கிட்ல வர்ற டியூபை விட மெல்லிசா வேணும். இங்க சென்னையிலேயே என்ன கிடைக்கும்?

டூஸ்ட்ரோக்புகை:

ப்ரோ, நீங்க ரெண்டா சொல்றது ஒரே வியாதி. லாக்கர் தின்னர் வேகமா ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துடும். காத்துல இருக்கிற ஈரம் ஈரப் பெயின்ட் மேல படிஞ்சு உள்ளேயே மாட்டிக்கும். நீலத்துல அது பால் மாதிரி தெரியும். வெள்ளையில நிறம் மாறாது, பளபளப்பு மட்டும் செத்துப்போகும், அதனால யாரும் அதை ஈரம்னு நினைக்கிறதே இல்ல. அந்தச் சொரசொரப்பு மேல டெக்கல் உட்காரும்போது குழிக்குள்ள காத்து நின்னுடும். அதுதான் நீங்க பாக்கிற வெள்ளி. மேல எவ்வளவு கிளியர் அடிச்சாலும் அடியில இருக்கிற காத்து போகாது.

டெக்கல் போடாத ஃபேரிங்கைக் காப்பாத்தலாம். மிஸ்டர் லெவலிங் தின்னரை மட்டும், பெயின்ட் கலக்காம, 12 பிஎஸ்ஐல ரெண்டு மெல்லிய பனி மாதிரி அடிங்க. மேல்தோல் இளகி மாட்டின ஈரம் வெளியேறும், மூட்டம் கலையும். நனையற அளவுக்கு அடிச்சா சிவப்பு வெள்ளைக்குள்ள ஓடிடும், உஷார். அதுக்கும் போகலைன்னா ரெண்டு நாள் விட்டு 3000 வாட்டர் பேப்பர்ல தண்ணி வெச்சு லேசா தேய்ச்சு, பாலிஷ் போட்டுட்டு டெக்கலுக்குப் போங்க.

டேங்க் கவர்ல அந்த வேலை ஆகாது, தின்னர் டெக்கலைக் கரைச்சிடும். வெள்ளி தெரியற இடத்துல மெல்லிய ஊசியால குத்துங்க, 1 மி.மீ.க்கு ஒரு ஓட்டை. டெக்கலை இளக்கற மார்க் சாஃப்டர் ஒரு சொட்டு விட்டுத் தொடாம இருங்க. முதல்ல சுருங்கும், பயந்துபோய் விரலை வைக்காதீங்க, தானா இறங்கும். ஆறு மணி நேரம் விட்டு மறுபடி. மூணு சுத்துக்கு மேலயும் வெள்ளி இருந்தா அந்த டெக்கல் போனதுதான், டேப்பால உரிச்சு எடுத்துட்டு வேற ஷீட் பாக்கணும்.

சுத்தி இருக்கிற வெள்ளைத் திட்டு பெரும்பாலும் தண்ணி. வேளச்சேரி போர் தண்ணியில டெக்கல் ஊறவெச்சா உப்பு அப்படியே நிக்கும். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கங்க, ஒரு கிட்டுக்கு அரை லிட்டர் தாராளம். டெக்கல் பசையும் மிச்சம் இருக்கும். ஈர பட்ஸால ஒத்தி எடுக்கலைன்னா கிளியருக்கு அடியில நாளாக நாளாக மஞ்சளாகும்.

இனிமே அடிக்கும்போது: ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் ஒண்ணு மேசை மேல இருக்கட்டும். 65 சதவீதத்துக்கு மேல பளபளப்புப் பெயின்ட் அடிக்காதீங்க. நவம்பர்ல விடிகாலை சுத்தமா ஆகாது. மழை இல்லாத நாள்ல பதினொரு மணி வாக்குல, கடல் காத்து உள்ளே வர்றதுக்கு முன்னாடி அடிக்கலாம். இல்லைன்னா ரூம்ல ஒரு மணி நேரம் ஏசி ஓடவிட்டு, அடிக்கிற நேரத்துல நிறுத்திட்டு எக்ஸாஸ்டைப் போடுங்க. ஏசி ஓடிக்கிட்டே அடிச்சா தின்னர் ஆவி ரூமுக்குள்ளேயேதான் சுத்தும். பெயின்ட் 1, லெவலிங் தின்னர் ஒன்றரை. மழை நாள்னா காயறதைத் தாமதிக்கிற ரிடார்டர் 5 சதவீதம் சேருங்க; 10-ஐத் தாண்டினா வாரக் கணக்குல நகம் பதியும்.

கம்ப்ரசர்ல டேங்க் இல்லாததும் ஒரு காரணம். சூடான காத்து ஹோஸ்ல போகப் போகத்தான் குளிரும், தண்ணி அங்கதான் சேரும். வாட்டர் டிராப்பை கம்ப்ரசர் வாயில மாட்டிப் பிரயோஜனம் இல்ல. ஏர்பிரஷ் பிடிக்குக் கீழ மாட்டறது வாங்குங்க.

ஜிபிரோடு_பெயின்டர்:

கிளியருக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஜிபி ரோடுல கார் பெயின்ட் கடையில 2கே கிளியர் சின்ன டின்னா கிடைக்கும். டின்ல போட்டிருக்கிற விகிதத்துல ஹார்ட்னர் கலந்து ரெண்டு கோட். ரசாயனமா இறுகறதால மழைக்காலத்துலயும் லாக்கர் மாதிரி பூக்காது, டெக்கலையும் அவ்வளவா கடிக்காது. 84 பைக்குல அந்த ஈரமான பளபளப்பு வேணும்னா இதுதான்.

டூஸ்ட்ரோக்புகை:

பளபளப்புல சண்டை இல்ல சார், ஆனா பிளாட்ல வேண்டாம். ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. என்95 மாஸ்க் அதுக்குப் பத்தாது; ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் துகள் ஃபில்டரும் சேர்ந்த ரெஸ்பிரேட்டர், கையுறை, கண்ணாடி எல்லாம் வேணும். நமக்கு மட்டும் மாஸ்க் போட்டா போதுமா, பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கே? அதோட கார் கிளியர் கோட் தடிமன். 1/12-ல ஓரமெல்லாம் மிட்டாய் மாதிரி உருண்டுபோய், டேங்க் கவர் அதோட இடத்துல உட்காராது.

லாக்கர் கிளியரே போதும். டெக்கல் போட்டு மழை நாள்ல மூணு நாள் விடுங்க. எல்பி-9 கிளியர், முதல் மூணு கோட் வெறும் தூசு மாதிரி, நடுவுல 15 நிமிஷம். அதுக்கப்புறம்தான் ஈரமா ஒரு கோட், மறுநாள் இன்னொண்ணு. எடுத்த எடுப்புல ஈரமா அடிச்சா தின்னர் டெக்கல் ஓரம் வழியா உள்ளே போய் சுருக்கிடும். பாலிஷுக்கு முன்னாடி மோந்து பாருங்க. தின்னர் வாசனை வந்தா இன்னும் காயல. ஓரங்கள்ல 1 மி.மீ. டேப் ஒட்டிட்டு 3000-ல தேய்ங்க, பெயின்ட் முதல்ல கிழியறது அங்கதான்.

கோன்வெல்டர்:

சேம்பருக்கு வர்றேன். 84 பைக்கோட அடையாளமே அதுதான். அந்த வருஷம் ஹோண்டா பெட்ரோல் டேங்கை இன்ஜினுக்கு அடியில போட்டு, சேம்பர் நாலையும் மேல டம்மி டேங்க்குக்குள்ள கொண்டுபோச்சு. கார்ப்பை (கார்புரேட்டர்) எட்டறதுக்கே மெக்கானிக்குகள் சூட்டுல கை விடணும். 85-லேயே பழைய மாதிரி டேங்க் மேல வந்துடுச்சு. உங்களுக்கு இதுல லாபம் என்னன்னா கார்ப் முழுக்க மறைஞ்சுடும், அங்க மெனக்கெட வேண்டாம். கவரைத் தூக்கினா கண்ணுல படறது சேம்பர் மட்டும்தான்.

நிஜ சேம்பர் தகட்டைக் கூம்பு கூம்பா வெட்டிச் சுத்தி வெல்டு வெச்சது. குறுக்கே வளையம் வளையமா வெல்டு இருக்கணும், கிட்ல வர்ற நீளவாக்குக் கோடு இருக்கக்கூடாது. ரெண்டு பாதியிலும் பிளாஸ்டிக் ஒட்டற சிமென்டைத் தாராளமா தடவி, 10 விநாடி விட்டு, பிளாஸ்டிக் பிதுங்கி வெளிய வர்ற மாதிரி அழுத்துங்க. ஒரு நாள் முழுக்க விடுங்க. அவசரப்பட்டுத் தேய்ச்சா ஒரு வாரத்துல உள்வாங்கிக் கோடு திரும்ப வரும். அப்புறம் 400, 600, 1000 வாட்டர் பேப்பர்ல வரிசையா தேய்ங்க. பட்டி வேண்டாம், மெட்டாலிக் அடிச்சா பட்டி இருக்கிற இடம் தனியா தெரியும். பள்ளத்துக்கு சூப்பர் குளூ போதும்.

வெல்டுக்கு ஸ்ப்ரூவை (கிட் பாகங்களைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் குச்சி) மெழுகுவர்த்தியில காட்டி 0.25 மி.மீ.க்கு இழுங்க. நிஜத்துல 3 மி.மீ. வெல்டு, 12-ல வகுத்தா அதுதான் கணக்கு. மெல்லிய டேப்பை வழிகாட்டியா சுத்தி அதை ஒட்டி ஸ்ப்ரூவை வளைச்சு, பச்சை மூடி போட்ட டாமியா எக்ஸ்ட்ரா தின் சிமென்டால தொடுங்க. அரை நிமிஷத்துல மாவு மாதிரி இளகும். வளைஞ்ச பிளேடோட நுனியால பிறை பிறையா, நெருக்கமா அழுத்திக்கிட்டே போங்க. ஒரு தடவைக்கு அரை வளையம் மட்டும். முழுசா சிமென்ட் போட்டா மறுபாதி அதுக்குள்ள காஞ்சிடும்.

சூட்டு நிறத்துல நிறைய பேர் தலைகீழா பண்றாங்க. ஸ்டீல் சுமார் 220 டிகிரியில வைக்கோல் நிறம், 280-ல ஊதா, 300 வாக்குல நீலம். அதனால சிலிண்டர் பக்கம் நீலம், அதைத் தாண்டி ஊதா, கடைசியா வைக்கோல். பூசற பவுடரான டாமியா வெதரிங் மாஸ்டர் டி செட்ல நீலமும் சிவப்பும் இருக்கு, வைக்கோலுக்கு எக்ஸ்-24 கிளியர் மஞ்சளை நீர்க்கக் கலந்து அடிங்க. முதல் ரெண்டு கூம்போட நிறுத்திடுங்க. மெட்டாலிக் மேல கிளியர் அடிக்காதீங்க, உலோகம் சாம்பல் பெயின்ட்டா மாறிடும்.

ரிச்சிதெரு_வாசி:

வயருக்கெல்லாம் ரிச்சி தெருவே போதும் பாஸ். 30 கேஜ் வயர்ராப் வயர் கேளுங்க. இன்சுலேஷனோட சேர்த்து சுமார் அரை மி.மீ., அதாவது நிஜத்துல 6 மி.மீ. பிரேக் ஹோஸ், பிளக் வயர் ரெண்டுக்கும் சரியா வரும். 0.4 எனாமல் காப்பர் வயர் கிளட்ச், த்ராட்டில் கேபிளுக்கு. சிலர் சால்டரிங் ஈயத்தை ஹோஸுக்குப் போடுவாங்க. நல்லா வளையும், ஆனா கை பட்டதும் நசுங்கும், நேரா இருக்க வேண்டிய இடத்துல நெளிஞ்சு நிக்கும்.

ஓட்டை போட அங்கேயே பிசிபி டிரில் பிட் விப்பாங்க, வாங்காதீங்க. கார்பைடு, கையால திருகும்போது லேசா சாய்ஞ்சா ஒடிஞ்சு உள்ளேயே நின்னுடும். ஹெச்எஸ்எஸ் 0.5, 0.6 பிட்டா பார்த்து வாங்குங்க. பிரேக் காலிபர்ல 2 மி.மீ. ஆழம் ஓட்டை போட்டு வயரைச் சொருகினா குளூ கூட அதிகம் தேவைப்படாது. ஹோஸ் முனைக்கு 0.8 பித்தளைக் குழாய் 1 மி.மீ. துண்டு.

முக்கியமா ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பார்த்துட்டு நீளம் வெட்டுங்க. ஃபேரிங் போட்டதுக்கப்புறம்தான் ஹோஸ் இடிக்கிறது தெரியும்.

ஸ்ப்ரூவெட்டி:

ஃபேரிங்கை லெவலிங் தின்னர்ல பண்ணிப் பார்த்தேன், நீலத்துல மூட்டம் போயிடுச்சு. டேங்க் கவர்ல ஊசி வேலை ரெண்டாவது சுத்து, ஒரு டெக்கல் மட்டும் மசியல. ஒரே ஒரு டவுட்டு: பெயின்ட் அடிச்சதுக்கு அப்புறம் ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் இறுகுது. டைட்டா திருகலாமா?

கோன்வெல்டர்:

வேண்டாம், பிளாஸ்டிக் வெடிச்சிடும். ஓட்டைக்குள்ள இருக்கிற பெயின்ட்டை முதல்ல பிட்டால கையில சுரண்டி எடுங்க. அப்புறம் ஸ்க்ரூவை வெச்சு இடது பக்கமா மெதுவா சுத்துங்க; பழைய மரையில 'டக்'னு இறங்கும். அங்கிருந்து வலது பக்கம்.