மறுமொழி: ஆலிவ் கலைச்சொற்கள் – ‘முதிர்வெண்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். நம் ஆலிவ் கலைச்சொற்பட்டியல் பற்றி வந்த கருத்துகளை மேற்கோளாகத் தந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதுகிறேன்.

> மெச்சூரிட்டி இன்டெக்ஸ் என்பதற்கு ‘முதிர்வெண்’ என்று வைத்துக்கொள்ளலாம். ரைப்பனிங், மெச்சூரிட்டி இரண்டுக்கும் ‘முதிர்வு’ போதும்.

சுருக்கமான சொல்தான். ஆனால் ஆலிவ் விஷயத்தில் அது படிப்பவரைத் தவறான பக்கம் கூட்டிப்போய்விடும். எப்போது பறிப்பது என்று முடிவு செய்ய உதவும் அந்த எண் (மெச்சூரிட்டி இன்டெக்ஸ்) எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தாலே போதும்.

ஸ்பெயினின் ஹாயென் மாகாணத்தில் 1970களில் உருவான முறை இது. பறித்துக் கலந்த காய்களிலிருந்து 100 காய் எடுத்து, 0 முதல் 7 வரை பிரிப்பார்கள். கரும்பச்சைத் தோல் 0, மஞ்சள் கலந்த பச்சை 1. தோலில் பாதிக்கும் குறைவாகச் செவ்வூதா படர்ந்தால் 2, பாதியைத் தாண்டினால் 3. தோல் முழுக்கக் கறுத்து உள்ளே சதை வெள்ளையாக இருந்தால் 4. அப்புறம் காயை வெட்டித்தான் பார்க்கவேண்டும்: ஊதா நிறம் சதையில் பாதிவரை போகாவிட்டால் 5, பாதியைத் தாண்டியும் கொட்டையைத் தொடாவிட்டால் 6, கொட்டைவரை போய்விட்டால் 7. பிறகு சராசரி. 20 காய் 1இலும், 50 காய் 2இலும், 30 காய் 3இலும் இருந்தால் விடை 2.1.

இதில் எண்ணெய் எங்கே வருகிறது? எங்கும் இல்லை. பச்சையம் குறைந்து ஆந்தோசயனின் என்ற ஊதா நிறமி ஏறுவதை மட்டும்தான் கண்ணால் அளக்கிறோம்.

தமிழில் முற்றுவது (மெச்சூரிட்டி) வேறு, பழுப்பது (ரைப்பனிங்) வேறு. ‘காய் முற்றிவிட்டது, இன்னும் பழுக்கவில்லை’ என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. ஆலிவுக்கு இந்தப் பிரிவினை மிகவும் தேவை. கொட்டை இறுகிய பிறகு சதையில் எண்ணெய் சேரத் தொடங்கும். காய் முழுக்கக் கறுப்பதற்கு முன்பே பெரும்பாலும் சேர்ந்து முடிந்துவிடும். எண்ணெய் சேர்வது, நிறம் மாறுவது என்ற இந்த இரண்டு ஓட்டமும் எல்லா ரகத்திலும் ஒரே வேகத்தில் போவதில்லை. லெச்சீனோ ரகம் சீக்கிரமே, ஏறக்குறைய ஒரே சமயத்தில் கறுக்கும். கொராத்தீனா நிறம் மாறத் தாமதமாகும். அர்பெக்கீனாவில் ஒரே கிளையில் பச்சையும் ஊதாவும் கலந்தே நிற்கும். ஆக, லெச்சீனோவின் 3ஐயும் கொராத்தீனாவின் 3ஐயும் பக்கத்தில் வைத்து ‘இரண்டும் ஒரே முதிர்வு’ என்று சொல்லவே முடியாது. ‘முதிர்வெண்’ அப்படிச் சொல்லவைக்கும்.

ரகம் மட்டுமா? காய்ப்பு மிகுந்த ஆண்டில் நிறம் ஏறுவது தள்ளிப்போகும். காய்ப்பு குறைந்தால் முந்தும். மரபணு மாறவில்லை, மரமும் அதேதான்.

அதனால் என் முன்மொழிவு: 0 முதல் 7 வரையுள்ள ஒவ்வொரு நிலையும் ‘நிறப்படி’, 100 காய்க்குக் கிடைக்கும் எண் ‘சராசரி நிறப்படி’. ‘நிறவெண்’ என்றும் யோசித்தேன், ஆனால் ‘வெண்’ கண்ணில் பட்டதும் வெண்மை நினைவுக்கு வருகிறது. எண்ணெய் சேர்வதற்கு ‘எண்ணெய் பிடித்தல்’. கதிர் பால் பிடிக்கிறது என்கிறோமே, அதே போல.

———

> ஒரே ரகத்துக்குள் இந்த எண் ஏறும்போது கசப்புப் பொருளான ஒலியூரோப்பின் குறைகிறது, கசப்பு தணிகிறது, எண்ணெயின் பச்சை நிறமும் வெளிறுகிறது. அப்படியானால் அது முதிர்ச்சியைக் காட்டுவதுதானே? மூலத்தில் இருப்பதை நாம் ஏன் மாற்றவேண்டும்?

ஒரே ரகம், ஒரே தோட்டம் என்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எந்த வாரம் பறிப்பது என்று முடிவு செய்ய அந்த எண் நன்றாகவே உதவுகிறது. ஆனால் நாம் தொகுப்பது ரகங்களையும் இடங்களையும் ஒப்பிடும் பாடத்துக்கான சொற்கள். அங்கே அளந்ததன் பெயரும் ஊகித்ததன் பெயரும் ஒன்றாக இருக்கக்கூடாது. மூலச்சொல்லை முதல் முறை வரும் இடத்தில் ஒலிபெயர்ப்பாகத் தந்துவிட்டால் தேடுபவர்கள் தவறவிடமாட்டார்கள்.

இதே குழப்பம் எண்ணெய் அளவிலும் உண்டு. மழையில்லாமல் காய் சுருங்கினால் அதன் ஈர எடையில் எண்ணெய் விழுக்காடு ஏறியதாகத் தெரியும். உண்மையில் போனது தண்ணீர்தான். அதனால் ‘உலர் எடையில் எண்ணெய்’ என்பதைத் தனிப் பதிவாகவே சேர்க்கவேண்டும்.

———

> ஜீனோடைப்–சூழல் இன்டராக்‌ஷன்: இடைவினையா, கூட்டு விளைவா?

இடைவினை. ரகத்தின் மரபணுவமைப்பும் (ஜீனோடைப்) சூழலும் சேர்ந்து விளைவைத் தீர்மானிப்பதற்கான சொல் இது. ‘கூட்டு’ என்றால் இரண்டையும் கூட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். நடப்பது அதுவல்ல. காய் எண்ணெய் பிடிக்கும் மாதங்களில் வெப்பம் கூடினால் ஆலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பமிலமான ஒலியிக் அமிலம் குறைகிறது. சூரியகாந்தியில் இதற்கு நேர்மாறு: வெப்பத்தில் ஒலியிக் ஏறும். ஆனால் ஆலிவிலும் எல்லா ரகமும் ஒரே அளவு இறங்குவதில்லை. ஸ்பெயினின் கத்தலோனியாவில் நல்ல அளவு ஒலியிக் தரும் அர்பெக்கீனா, அர்ஜென்டினாவின் வெப்பமான வடமேற்கில் பல தோட்டங்களில் பன்னாட்டு ஆலிவ் மன்றத்தின் தரம் கேட்கும் 55 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. அதே வட்டாரத்தில் கொராத்தீனாவும் பிக்குவாலும் அந்த அளவுக்குச் சரிவதில்லை. ஒலியிக்கை லினோலெயிக் என்ற இன்னொரு கொழுப்பமிலமாக மாற்றும் நொதிக்கான மரபணுக்கள் எல்லா ரகத்திலும் உண்டு. அவை எவ்வளவு மும்முரமாக இயங்கும் என்பது ரகத்தையும் வெப்பத்தையும் சேர்ந்தே அமைகிறது. சூழல் மாறினால் ரகங்களுக்கு இடையேயான இடைவெளியே மாறுகிறது என்றால் அது இடைவினைதான்.

‘ஜீனோடைப்’புக்கு ஏற்கனவே புழக்கத்தில் உள்ள ‘மரபணுவமைப்பு’ இருக்கட்டும். ஆக, ‘மரபணுவமைப்பு–சூழல் இடைவினை’. நீளம்தான், ஆனாலும் இதை வெட்டவேண்டாம்.

பட்டியலில் ‘முதிர்வெண்’ணை எடுத்துவிட்டு ‘சராசரி நிறப்படி’யைப் போட்டிருக்கிறேன். எட்டுப் படிகளின் விளக்கமும் அதன் கீழேயே இருக்கிறது. 2க்கும் 3க்கும் நான் எழுதிய ‘செவ்வூதா’வை விடத் தெளிவான நிறச்சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், அந்த இரண்டு படிகளில்தான் பிரிப்பவர்கள் அதிகம் தடுமாறுவார்கள்.