தாய் வகுப்பின் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து ஓவர்ரைடு மெத்தடை அழைத்தால் ஃபீல்டு ஏன் நல் ஆகிறது?

கேள்வி:
வணக்கம். ஜாவா 17இல் ‘அறிக்கை’ என்ற வகுப்பு இருக்கிறது. அதன் கன்ஸ்ட்ரக்டர் (பொருளை உருவாக்கும்போது ஓடும் பகுதி), ‘தலைப்பு’ என்ற மெத்தடை அழைத்து, கிடைக்கும் ஸ்டிரிங்கின் நீளத்தைக் கொண்டு பக்கத்தின் அகலத்தைக் கணக்கிடுகிறது. அதை நீட்டித்து ‘மாத அறிக்கை’ என்ற சேய் வகுப்பை எழுதி, ‘மாதம்’ என்ற ஃபீல்டுக்கு அறிவிக்கும் வரியிலேயே “மார்ச்” என்று மதிப்பளித்து, ‘தலைப்பு’ அந்த ஃபீல்டைத் திருப்பித் தருமாறு ஓவர்ரைடு செய்திருக்கிறேன் (அதாவது சேயில் மாற்றி எழுதியிருக்கிறேன்). ஆனால் பொருளை உருவாக்கியவுடன் நல் பாயிண்டர் எக்ஸெப்ஷன் வருகிறது. டீபக்கரில் பார்த்தால் சேய் வகுப்பின் மெத்தட்தான் ஓடுகிறது. ‘மாதம்’ மட்டும் நல் (null, மதிப்பற்ற நிலை). மதிப்பு எங்கே போயிற்று?

பதில் 1:
மதிப்பு எங்கும் போகவில்லை, இன்னும் வந்து சேரவில்லை. ஜாவாவில் நியூ என்று எழுதிய கணத்திலேயே அந்தப் பொருளின் வகுப்பு ‘மாத அறிக்கை’ என்று முடிவாகிவிடுவதால், தாயின் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து அழைத்தாலும் சேயின் மெத்தடே ஓடும். ஆனால் ஃபீல்டுகளுக்கு மதிப்பளிக்கும் வரிசை வேறு: முதலில் எல்லா ஃபீல்டுகளும் பூஜ்யம், நல் போன்ற தொடக்க மதிப்போடு இருக்கும், பிறகு தாயின் கன்ஸ்ட்ரக்டர் முழுவதும் ஓடி முடியும், அதற்குப் பின்புதான் சேயின் ஃபீல்டு வரிகளும் அதன் கன்ஸ்ட்ரக்டரின் எஞ்சிய பகுதியும் ஓடும். இதே ‘மாதம்’ ஃபீல்டை ஃபைனல் (ஒருமுறை மட்டுமே மதிப்பேற்பது) என்று அறிவித்துப் பாருங்கள், பிழை மறைந்துவிடும். மாறிலியான ஸ்டிரிங்கைக் கம்பைலர் பயன்படுத்தும் இடத்திலேயே பதித்துவிடுவதுதான் காரணம். அதைத் தீர்வு என்று நம்பிவிட வேண்டாம், மதிப்பு ஒரு மெத்தடிலிருந்து வரத் தொடங்கிய அன்றே பிழை திரும்பிவிடும்.

இதைவிட மோசமான வடிவம், ஓவர்ரைடு செய்த மெத்தட் ஒரு ஃபீல்டுக்கு மதிப்பளிக்க, அந்த ஃபீல்டின் அறிவிப்பில் ‘சமம் நல்’ என்றும் எழுதியிருப்பது. அளித்த மதிப்பை அந்த வரி பின்னால் வந்து அழித்துவிடும். எக்ஸெப்ஷன்கூட உடனே வராது.

பதில் 2:
மொழிக்கு மொழி இது மாறும். சி பிளஸ் பிளஸில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்வரை பொருள் தாய் வகுப்பாகவே கருதப்படுவதால், வர்ச்சுவல் (ஓவர்ரைடு செய்யக்கூடிய) மெத்தடை அழைத்தாலும் தாயின் வடிவமே ஓடும். சி ஷார்ப்பில் ஜாவாவைப் போலவே சேயின் மெத்தட் ஓடும், ஆனால் அறிவிக்கும் வரியில் தந்த மதிப்புகள் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே ஏறிவிடும். உங்கள் நிரல் அங்கே ஓடியிருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தாய் வகுப்பு வேறொரு குழுவின் நூலகத்தில் இருப்பதால் அதில் கைவைக்க இயலாது. என்ன செய்யலாம்?

பதில் 1:
கைவைக்க முடிந்திருந்தால் தலைப்பைக் கன்ஸ்ட்ரக்டருக்கு அளபுருவாக அனுப்பச் சொல்லியிருப்பேன். இப்போதைக்கு ‘தலைப்பு’ மெத்தட் எந்த ஃபீல்டையும் நம்பாமல், தேவையானதைத் தானே கணக்கிட்டுத் தரட்டும். ஜாவா 25க்கு மாறினால், சேயின் கன்ஸ்ட்ரக்டரில் சூப்பர் அழைப்புக்கு (தாயின் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் வரிக்கு) முன்பே ‘மாதம்’ ஃபீல்டுக்கு மதிப்பளிக்கலாம். அறிவிக்கும் வரியில் மதிப்பு இருக்கக்கூடாது என்பதே நிபந்தனை. அந்த நூலகக் குழுவிடமும் சொல்லி வையுங்கள்: ஜாவா 21 முதல் கம்பைலரில் ‘திஸ் எஸ்கேப்’ என்ற லின்ட் (நிரலில் ஐயத்துக்குரிய இடங்களைக் காட்டும்) எச்சரிக்கை இருக்கிறது, அதை இயக்கினால் இத்தகைய கன்ஸ்ட்ரக்டர்களை அதுவே சுட்டிக்காட்டும்.