இரும்பு டிஸ்க் மாட்டியதிலிருந்து காற்றழுத்த விளக்கு அணையவில்லை: பழைய சென்சாரையே மாற்றிப் போடலாமா?

தோட்டத்துக்காரன், செக்கானூரணி
வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் தோட்டத்துக்கு வாரம் 2 முறை காரில் போய் வருகிறேன். கடைசி 3 கிலோமீட்டர் கல்லும் முள்ளும்தான். 2 அலாய் வீல்களின் விளிம்பு நெளிந்துவிட்டதால், அந்தப் பாதைக்கென்றே 4 இரும்பு டிஸ்க்குகளும் (டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்) தனி டயர்களும் வாங்கினேன். மாட்டிய கடையில் சாதாரண ரப்பர் வால்வு போட்டுவிட்டார்கள். டயரின் காற்றழுத்தத்தை அளந்து காருக்குச் சொல்லும் சென்சார்கள் அலாய் வீல்களுக்குள்ளேயே, மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. வண்டியைக் கிளப்பினால் மஞ்சள் விளக்கு ஒரு நிமிடம் மினுக்கிவிட்டு நிலையாக எரிகிறது. "அதைக் கண்டுகொள்ளாதீர்கள்" என்றார்கள்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு விருதுநகரிலிருந்து திரும்பினேன். கப்பலூருக்கு முன்னால் வண்டியின் பின்பக்கம் தள்ளாடியது. இறங்கிப் பார்த்தால் பின் இடது டயர் பாதி அமுங்கியிருக்கிறது. அளந்ததில் 14 பிஎஸ்ஐ. பக்கவாட்டில் கை வைக்க முடியாத சூடு. விளக்கு நாள் முழுக்க எரிந்துகொண்டே இருந்தால் உண்மையான எச்சரிக்கையை நான் எப்படி அறிவேன்? அம்மா சாலையோரம் வெயிலில் நின்றதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

கார் 2019இல் வாங்கியது. திரையில் 4 சக்கரத்தின் அழுத்தமும் தனித்தனியே தெரியும். பழைய சென்சார்களைக் கழற்றிப் போடலாமா, புதிது வாங்கவா?

மேலூர் வாசகர்
சென்சார் 4ஐயும் ஒரு பிவிசி குழாய்க்குள் வைத்துக் காற்றடைத்து மூடி டிக்கியில் போட்டுவிடுங்கள். விளக்கு அணைந்துவிடும். செலவும் இல்லை.

டயர் வேலைக்காரர், திருமங்கலம்
தம்பி, அந்தக் குழாய் யோசனை வேண்டாம். குழாயில் 33 இருக்கிறது என்று கார் சொல்லும், டயரில் 14 இருக்கும். நீங்கள் பயந்த அதே நிலைமைதான், இம்முறை விளக்குகூட எரியாது.

22 வருடமாக இந்த வேலை செய்கிறேன். தனித்தனி எண் காட்டுகிறது என்றால் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்து ஒரு சென்சார் இருக்கிறது. சில கார்களில் இது இருக்காது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் அமைப்பு) வழியாகச் சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும், அதற்குக் காற்றடித்தபின் ரீசெட் செய்தால் போதும். உங்களுடையது அந்த வகை இல்லை.

சென்சாரின் பேட்டரி உள்ளேயே அடைத்து வருவது, மாற்ற முடியாது. 5 முதல் 10 வருடம் உழைக்கும். உங்கள் சென்சார்கள் 2019இல் வந்தவை. அவற்றைக் கழற்றி மாட்டக் கூலி கொடுப்பது வீண். இரும்பு டிஸ்க்குக்குப் புதிதாக 4 வாங்குங்கள், நம் நாட்டுக் கார்களுக்குரிய 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வகையாகப் பார்த்து. பழைய சென்சாரின் அடையாள எண்ணைப் புதியதில் பதிக்கும் கருவி உள்ள கடைக்குப் போனால், எந்த செட்டைப் போட்டாலும் காருக்கு ஒன்றுதான். இரண்டு செட்டுக்கும் ஒரே எண் என்பதால், கழற்றிய செட்டை மட்டும் வண்டி நிற்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

டயரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் இயந்திரத்தின் தட்டை அழுத்தினால் சென்சார் நொறுங்கிவிடும். அவசரத்தில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். அலாய்க்கு உள்ள நட்டு இரும்பு டிஸ்க்கில் சரியாக உட்காருகிறதா என்றும் பாருங்கள், சில வண்டிகளில் இரண்டும் வேறு. 50 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

14 பிஎஸ்ஐயில் ஓடிய அந்த டயரைக் கழற்றி உட்பக்கம் பார்க்காமல் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். உள்ளே ரப்பர் பொடி உதிர்ந்திருந்தால் அது போய்விட்டது.

நத்தம் சாலை வாசி
காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் அடியுங்கள். மதிய வெயிலில் ஓடியபின் 37, 38 காட்டும்; அதிகம் என்று இறக்கிவிடாதீர்கள். ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவு ஆறிய டயருக்கானது.

தோட்டத்துக்காரன், செக்கானூரணி
திருமங்கலம் அண்ணன் சொன்னபடியே செய்தேன். அந்த டயரின் உள்ளே கறுப்புப் பொடி, மாற்றிவிட்டேன். புது சென்சார்களில் பழைய எண்களைப் பதித்துக் கொடுத்தார்கள். நாகமலை தாண்டுவதற்குள் 4 டயர்களின் அழுத்தமும் திரையில் வந்தது, விளக்கு அணைந்தது.

நேற்றுக் காலை தோட்டத்திலிருந்து கிளம்பும்போது முன் வலது மட்டும் 29 காட்டியது. குனிந்து தடவிப் பார்த்தேன். ஒரு விரல் நீளச் சீமைக்கருவேல முள் குத்தியிருந்தது. உசிலம்பட்டி பஞ்சர் கடை வரை மெல்ல ஓட்டிப்போய் அங்கேதான் பிடுங்கினோம்.