செங்கோட்டை மலைப்பாதைக்கு 1997 பென்ஸ் இ250டி: எதை முதலில் பார்ப்பது?

கோட்டைவாசல்_124:

அண்ணாச்சிகளா, வணக்கம். கொட்டாரக்கரைப் பக்கம் அதிகம் ஓடாமல் நின்ற 1997 இ250டி, டபிள்யூ124 மாடல், மேனுவல் கியர். கேஎல் நம்பர். இப்போ வண்டி செங்கோட்டையில். பாடி சுத்தம், உள்ளே சீட் எல்லாம் ஒரிஜினல்.

காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்கணும். பிடிச்சதும் கொஞ்சம் உதறிட்டு சரியாகிடுது, அப்புறம் நாள் முழுக்க சாவி தொட்டா ஸ்டார்ட். ஆஃப் பண்ணினா ஏழெட்டு செகண்ட் ஓடிட்டுத்தான் இன்ஜின் நிக்குது. பின் கதவு ரெண்டும் சென்ட்ரல் லாக்குக்குக் கட்டுப்படலை. புளியரையில் இருந்து கோட்டைவாசல் ஏறும்போது ஏசி போட்டா டெம்பரேச்சர் முள் 110 பக்கம் போகுது. 60-ல் ஆக்சிலேட்டரை மிதிச்சா சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு.

எல்லாத்தையும் ஒரே மாசத்தில் செய்ய பட்ஜெட் இல்லை. எந்த வரிசையில் போகலாம்? கேஎல் நம்பரை டிஎன் ஆக்கும் வழியும் சொல்லுங்க.

குற்றாலச்சாரல்:

லாக் வேலை செய்யாததும் இன்ஜின் நிக்காததும் ஒரே வியாதி. இந்த வண்டியில் ரெண்டுமே வேக்குவத்தில், அதாவது காத்தை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தில், வேலை செய்யுது. பின் கதவு லாக்கை இழுக்கும் ஆக்சுவேட்டரில் ரப்பர் கிழிஞ்சு அங்கே காத்து போகுது. ரெண்டு ஆக்சுவேட்டரையும் மாத்துங்க, இன்ஜினும் உடனே நிக்கும்.

நாஞ்சில்_டீசல்:

மேலே சொன்னது இதுக்கு முந்தின டபிள்யூ123 மாடலுக்குச் சரி. அதில் கதவு லாக் இன்ஜின் வேக்குவத்தில்தான் ஓடும். டபிள்யூ124-ல் லாக்குக்குத் தனியா ஒரு எலக்ட்ரிக் பம்ப் பின் சீட்டுக்கு அடியில் இருக்கு. கதவு ஆக்சுவேட்டர் நாலும் கிழிஞ்சு கிடந்தாலும் இன்ஜின் நிற்பதில் ஒரு மாற்றமும் வராது. லாக்கைக் கடைசிக்குத் தள்ளுங்க. ஒண்ணு மட்டும்: லீக் இருந்தா அந்தப் பம்ப் ஒவ்வொரு தடவையும் ரொம்ப நேரம் ஓடி மோட்டார் கெடலாம், அதனால் சரி பண்ணும் வரைக்கும் அதன் ஃபியூஸைக் கழட்டி வையுங்க.

இப்போ இன்ஜின். உங்க வண்டியில் உள்ள ஓஎம்602 இன்ஜினை நிறுத்துறது வேக்குவம்தான். இன்ஜின் முன்பக்கம் டைமிங் கவரில் ஒரு வேக்குவம் பம்ப் இருக்கு. அதில் இருந்து ஒரு லைன் சாவி லாக்குக்குப் பின்னால் இருக்கும் வால்வுக்குப் போய், அங்கிருந்து பழுப்பு நிற மெல்லிய குழாயில் டீசல் பம்பின் பின்புறம் இருக்கும் ஷட்-ஆஃப் டயஃப்ரத்துக்கு, அதாவது டீசலை நிறுத்தும் ரப்பர் தகட்டுக்கு, வரும். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான், ஏசி காற்று மடிப்புகளுக்கும் அதேதான். உங்களுக்கு ஏசி காற்று கேக்காமலே கண்ணாடிப் பக்கம் போகுதா? போனால் வேக்குவம் குறைவுன்னு உறுதி.

சோதனை இப்படி. கையால் அடிக்கும் வேக்குவம் பம்ப் ஒண்ணு, கேஜ் வெச்சது, வாங்கிடுங்க. பழைய பென்ஸ் வெச்சிருக்கிறவனுக்கு ஜாக்கிக்கு அடுத்த சாமான் அது. இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். பழுப்புக் குழாயை ஷட்-ஆஃபில் இருந்து உருவி, கைப்பம்பை அங்கே மாட்டி கேஜில் 15 இன்ச் (பாதரச அளவு) வரை இழுங்க. டக்குன்னு நின்னா டயஃப்ரம் நல்லாயிருக்கு, குறை மேலே எங்கேயோ. நிக்கலைன்னா, அல்லது முள் இறங்கிக்கிட்டே வந்தா, டயஃப்ரம் கிழிசல். அப்புறம் பூஸ்டருக்குப் போகும் பெரிய ஓஸில் கேஜ் வெச்சுப் பாருங்க. நல்ல பம்ப் ஐடிலிலேயே 20 இன்ச்சுக்கு மேல் காட்டும்.

ஆனா கேஜ் என்ன காட்டினாலும் அந்த வேக்குவம் பம்பைக் கழட்டிப் பாக்கணும். உங்க வரிசையில் அதுதான் முதல் வேலை. பம்பின் ஆர்மில் ஒரு ரோலர் பேரிங் இருக்கு, டீசல் பம்ப் டைமர் முகத்தில் உள்ள கேம் மேல் ஓடுறது. வயசான பம்பில் அந்தப் பேரிங் கூண்டு உடையும். உருண்டைகள் நேரா டைமிங் செயினுக்குள் விழும். செயின் தாண்டினா வால்வு பிஸ்டனில் அடிக்கும், அதோட இன்ஜின் கதை முடிஞ்சது. காலை ஸ்டார்ட் தொந்தரவோட வருஷக்கணக்கில் ஓட்டலாம். இதோட ஒரு கிலோமீட்டர்கூட நம்பி ஓட்ட முடியாது. ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக் மிதி கட்டையாகிறது தனிக் கவலை.

கழட்டும் முறை: ஃபேனையும் பெல்ட்டையும் எடுத்தா இடம் கிடைக்கும். கிராங்க் போல்ட்டில் 27 சாக்கெட் போட்டு, இன்ஜின் ஓடும் திசையில் மட்டும் கையால் திருப்பி, கேம் பம்பைத் தள்ளாத நிலைக்குக் கொண்டுவந்து, அப்புறம் போல்ட்டுகளை எடுங்க. ரோலரை விரலால் சுத்துங்க. சொரசொரப்பு, பக்கவாட்டு ஆட்டம், உருண்டை எண்ணிக்கையில் குறை, எது இருந்தாலும் புது பம்ப். டார்ச் அடிச்சு டைமர் கேம் முகத்தில் குழி இருக்கான்னும் பாருங்க. கேஸ்கெட் புதுசு போடணும். சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் பழைய பம்ப் விலை மலிவாக் கிடைக்கும். இந்த ஒரு சாமானில் மட்டும் செகண்ட்ஹேண்ட் வேண்டாம்.

பொள்ளாச்சி_நாசில்:

பம்ப் விஷயத்தில் நாஞ்சில் அண்ணன் சொன்னதுக்கு மேல் ஒண்ணும் இல்லை. நான் காலை ஸ்டார்ட்டை மட்டும் எடுத்துக்கிறேன்.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு ஸ்டார்ட்டுக்கு முன்னால் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், இன்னொண்ணு ராத்திரியில் லைனில் ஏறும் காத்து. எது காரணம்னு பிரிச்சறிய முதலில் ரிலேயில் இருந்து பிளக்குகளுக்குப் போகும் கனெக்டரை உருவுங்க. அஞ்சு பிளக்குக்கும் தனித்தனி வயர். மல்டிமீட்டரில் ஒவ்வொண்ணையும் பாடிக்கு அளங்க. ஒரு ஓமுக்குக் கீழே காட்டினா உயிரோட இருக்கு, திறந்த சர்க்யூட் காட்டினா செத்தது. நம்ம ஊர் வெயிலில் ஒண்ணு செத்தாலும் பிடிச்சிடும், பிடிச்சதும் உதறும். ரெண்டு மூணு செத்தாத்தான் இழுக்க ஆரம்பிக்கும். ஒண்ணு போயிருந்தாலும் அஞ்சையும் மாத்துறதுதான் கணக்கு, ஏன்னா இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கையை விட்டு எடுக்கிற வேலை அது. இன்ஜின் சூடா இருக்கும்போது கழட்டுங்க. கரி பிடிச்சு இறுகியிருந்தா முறுக்கி ஒடிக்காம, கொஞ்சம் தளர்த்தி கொஞ்சம் இறுக்கி வெளியே கொண்டு வரணும். ஓட்டையில் உள்ள கரியை ரீமரால் எடுக்காமப் புது பிளக்கைப் போட்டா அதன் முனை சீக்கிரம் கருகும். இறுக்கம் 20 என்எம் (நியூட்டன் மீட்டர்) போதும்.

பிளக் வெளியே இருக்கும்போதே கம்ப்ரஷன் எடுத்துடுங்க, தனியா இன்னொரு நாள் கூலி கொடுக்க வேண்டாம். இந்த இன்ஜினில் 26 முதல் 32 பார் வரை ஆரோக்கியம். 18-க்குக் கீழே போனா ஓவரால் பேச்சு. சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

பிளக் எல்லாம் நல்லா இருந்தா காத்து. டீசல் லைன்கள் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது பானெட்டைத் திறந்து வெச்சு ஒருத்தர் பாக்கட்டும், குமிழி ஓடுறது கண்ணுக்கே தெரியும். அந்த லைன்களின் முனையில் உள்ள ஓ-ரிங் காய்ஞ்சு கல்லாகிடும். அதுவழி வெளியே டீசல் சொட்டாது, காத்து மட்டும் உள்ளே ஏறும். அதனால்தான் மெக்கானிக் அடியில் ஈரம் இல்லைன்னு சொல்லி விட்டுடுவார். லைனைத் துண்டு துண்டா மாத்தாம செட்டா மாத்துங்க. கூடவே டீசலைத் தெளிக்கும் நாசில்களுக்கு நடுவே போகும் துணி சுத்தின ரிட்டர்ன் ஓஸ், 3.2 எம்எம் உள்விட்டம், ஒரு மீட்டர் வாங்கினாப் போதும். கடைசி நாசிலில் ஒரு அடைப்பு மூடி இருக்கும், அதை மறந்துடாதீங்க.

நின்ன வண்டி என்பதால் ரெண்டு டீசல் ஃபில்டரும் புதுசு: ஓஸில் இருக்கும் சின்னது, திருகி மாட்டும் பெரியது. பெரியதில் டீசல் நிரப்பி மாட்டுங்க. இதில் கைப்பம்ப் கிடையாது, செல்ஃப் அடிச்சுத்தான் காத்து போகணும். ஒரு தடவைக்கு அரை நிமிஷத்துக்கு மேல் அடிக்காம, நடுவில் ஆறவிட்டு அடிங்க. யாராவது நாசில் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கிறேன்னு ஸ்பேனரோட வந்தா வேண்டாம்னு சொல்லுங்க.

நாசில் கழட்ட வேண்டி வந்தா அடியில் உள்ள வாஷர் அஞ்சும் புதுசாத்தான் போடணும். திறக்கும் அழுத்தம் 115 முதல் 125 பார், அஞ்சும் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா இருக்கணும். கோயம்புத்தூரில் டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடை எதுவும் செய்யும். பம்ப் கேலிப்ரேஷனுக்கு மட்டும் இப்போதைக்குச் சம்மதிக்காதீங்க. காத்து ஏறுற வண்டிக்கு பம்பைப் பிரிக்கிறது வீண் செலவு.

கோட்டைவாசல்_124:

ரொம்ப நன்றி. பழுப்புக் குழாயை உருவினப்போ உள்ளே கறுப்பு ஆயில் வழியுது. ஏசி காற்று கண்ணாடிப் பக்கம்தான் போகுது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைத் திறந்தா உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, யாரோ எடுத்திருக்காங்க. அதுதான் சூட்டைக் குறைக்கும்னு இங்கே சொல்றாங்க.

நாஞ்சில்_டீசல்:

குழாயில் ஆயில் என்றால் ஷட்-ஆஃப் டயஃப்ரம் கிழிஞ்சது உறுதி. டீசல் பம்பின் கவர்னர் பகுதி இன்ஜின் ஆயிலில் ஓடுது, வேக்குவம் அந்த ஆயிலை உறிஞ்சி மேலே கொண்டு போகுது. யூனிட்டை மாத்தி, குழாய் முழுக்க ஊதிச் சுத்தம் பண்ணுங்க. சாவி வால்வு வரைக்கும் ஆயில் போயிருந்தா அதன் ரப்பரும் ஊதியிருக்கும். அதுவரைக்கும் ஒருநாள் இன்ஜின் நிக்கவே மாட்டேன்னா, பானெட்டைத் திறந்து மேலே ஸ்டாப் என்று எழுதின சிவப்பு லீவரை அமுக்குங்க, நின்னுடும். வீட்டில் வண்டி எடுக்கிற எல்லாருக்கும் இதைக் காட்டி வைக்கணும்.

ஆனா ஏசி காற்றும் கண்ணாடிக்குப் போகுதுன்னு சொல்றீங்க. டயஃப்ரம் மட்டுமே காரணம்னு விட்டுடாதீங்க, முன்னால் உள்ள பம்பையும் கழட்டிப் பாருங்க.

தென்காசிப்_பட்டறை:

அண்ணாச்சி, தெர்மோஸ்டாட்டை எடுத்தா சூடு குறையும்ங்கிறது அம்பாசிடர் காலத்துப் பேச்சு. இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு வாசல். ரேடியேட்டர் வழி திறக்கும்போது, பைபாஸ் வழியை அதே தெர்மோஸ்டாட்தான் மூடும். அதை எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணியில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே திரும்ப இன்ஜினுக்குள் போகும். சமதளத்தில் முள் ஏறவே ஏறாது, மேட்டில் இறங்கவே இறங்காது. நீங்க சொல்ற அறிகுறி அப்படியே அதுதான். 85 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்க.

அடுத்து விஸ்கஸ் ஃபேன், அதாவது சூடு ஏறினா ஆயில் கப்ளிங் இறுகி வேகமாச் சுத்தும் ரேடியேட்டர் ஃபேன். சூடான இன்ஜினை நிறுத்திட்டு ஃபேனைக் கையால் தள்ளுங்க. கனமாத் திரும்பணும். லேசாச் சுத்திக்கிட்டே போனா கப்ளிங்கில் ஆயில் போயாச்சு. ஏசி போட்டு மேடு ஏறும்போது அதுதான் காப்பாத்தணும். ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்தில் பல வருஷத்து இலை, பூச்சி, மண் அடைஞ்சிருக்கும். முன்னாலிருந்து தண்ணி அடிச்சா அது இன்னும் உள்ளே போகும். ரேடியேட்டரை வெளியே எடுத்துத்தான் கழுவணும். எடுத்த கையோட மேல் ஓஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்தைப் பாருங்க. முடி அளவு விரிசல் இருந்தாலும் ரேடியேட்டரை மாத்துங்க, எம்-சீல் வேண்டாம். அந்தக் கழுத்து உடையிறது பெரும்பாலும் மேட்டில், முழு அழுத்தத்தில்தான்.

கூலன்ட் மொத்தம் எட்டரை ஒன்பது லிட்டர் பிடிக்கும். பென்ஸுக்கான நீல நிறக் கூலன்ட் பாதி, பேட்டரி தண்ணி பாதி. பச்சைத் தண்ணி, குழாய்த் தண்ணி, போர் தண்ணி எதுவும் கிடையாது. பிளாக்கில் உள்ள டிரெயின் போல்ட்டையும் திறந்து பழசை எடுங்க, ரேடியேட்டரை மட்டும் காலி பண்ணினா பாதிதான் வரும்.

இதெல்லாம் செஞ்ச பிறகும் புளியரை எஸ் வளைவு மேட்டில் முள் 100 வரை போகும், அது சகஜம், பயப்பட வேண்டாம்.

பொள்ளாச்சி_நாசில்:

அதிர்வுக்கு: 60-ல் நியூட்ரல் பண்ணி உருளவிடுங்க. அதிர்வு நின்னுட்டா பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரெண்டு முனையிலும் உள்ள ரப்பர் கப்ளிங், இல்லைன்னா நடு பேரிங் ரப்பர். நிக்கலைன்னா டயர், வீல் பக்கம் போங்க. கப்ளிங் போல்ட் ஓட்டையைச் சுத்தி வெடிப்பு விட்டிருக்கும். கழட்டும் முன்னால் ஷாஃப்டின் ரெண்டு துண்டுக்கும் பெயின்ட்டில் கோடு போட்டுக்கணும், மாறி மாட்டினா புது ரப்பரிலும் அதிரும். நட்டு புதுசு. நடு நட்டையும் நடு பேரிங் போல்ட்டையும் வண்டியைத் தரையில் இறக்கி ரெண்டு அடி முன்னும் பின்னும் உருட்டின பிறகு இறுக்குங்க.

ஆயில் 15டபிள்யூ-40 டீசல் ஆயில், ஏழு லிட்டர், ஃபில்டரோட. வெயிலுக்கு நல்லதுன்னு 20டபிள்யூ-50 சொல்லுவாங்க, தேவையில்லை. கியர்பாக்ஸுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்)தான், கியர் ஆயில் ஊத்தினா காலையில் ரெண்டாவது கியர் விழாது. டயர் 195/65 ஆர்15, சாதாரண கார்களுக்கும் அதே அளவு என்பதால் இந்த வண்டியில் மலிவா முடியற ஒரே சாமான் அது. வீல் போல்ட் 110 என்எம்.

தென்காசிப்_பட்டறை:

நம்பர் மாத்துறதுக்கு: முதலில் ஆர்சி தேதி பாருங்க. 1997 வண்டிக்கு 15 வருஷம் 2012-ல் முடிஞ்சு, அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமாப் புதுப்பிச்சு வந்திருந்தா 2027 வரை இருக்கும். இடையில் விட்டிருந்தா கேரளத்திலேயே படிவம் 25 கொடுத்து, எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிச்சுட்டு வாங்க. செத்த ஆர்சியை இங்கே கொண்டு வந்தா ரெண்டு ஆபீசுக்கும் நடுவே அலையணும். 20 வருஷம் தாண்டின கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆயிடுச்சு, அதை விலை பேசும்போதே கணக்கில் எடுத்திருக்கணும்.

அப்புறம் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 28, கேரள ஆர்டிஓ-வின் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று). பழைய லோன் ஆர்சியில் நின்னா அதை நீக்க படிவம் 35. பெயர் மாற்றம் 29, 30. தென்காசி ஆர்டிஓ-வில் புது நம்பருக்குப் படிவம் 27. வேறு மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல் இங்கே வெச்சிருந்தா நம்பர் மாத்தியே ஆகணும், மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு. இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்சியோட ஒப்பிட்டுப் பார்ப்பார். பழைய டீசல் பென்ஸில் இன்ஜின் மாத்தின வண்டிகள் நிறைய உண்டு. என்ஓசிக்கு எழுதிப் போடும் முன்னால் பிளாக்கில் கிரீஸைத் துடைச்சு நம்பரைப் படிச்சுடுங்க.