புதுப்பிப்பு: பிடித்த ஆல்பங்கள், நாவல்கள்

சென்ற முறை ஆல்பங்களில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?', நாவல்களில் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' என்று சொல்லியிருந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

ஆல்பத்துக்கு என் பதில், அதில் உள்ள 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற இசைக்கோவை. 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தை ராஜா தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பித்தார். பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைத்தொகுப்பு) முதல் பகுதிதான் இந்த இசைக்கோவைக்கு அடித்தளம். அந்த மூலத்தைத் தனியாக ஒருமுறை கேட்டுவிட்டு, அப்புறம் இதற்கு வாருங்கள். ஏற்கெனவே முழுமையாக இருக்கும் ஒரு படைப்புக்குள் இன்னொருவர் எவ்வளவு மரியாதையோடு நுழைகிறார் என்பது அப்போதுதான் புரியும். எனக்கு ராஜாவின் ஆகச்சிறந்த வேலை இதுதான். வி. எஸ். நரசிம்மனின் வயலினைக் கவனிக்கத் தவறாதீர்கள்.

'மோகமுள்'ளை நடுவில் திறக்க வேண்டாம், முதல் பக்கத்திலிருந்தே படியுங்கள். யமுனா மீதான பாபுவின் காதலைத்தான் எல்லோரும் பேசுகிறோம். என்னை அதைவிட அதிகம் பிடித்து வைத்திருப்பது ரங்கண்ணாவிடம் அவன் பாட்டு கற்கும் பகுதிகள். சங்கீதம் தெரியாதவர்களுக்கும் அங்கே சுருதி கேட்கும்.

இம்முறை புதிதாகச் சேர்ப்பது ஒன்றுதான்: அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த காலத்தை, செகந்திராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்ற கல்லூரி மாணவனின் கண்வழியே காட்டுகிறது. குரலை உயர்த்தாமலே பயத்தை எழுதிவிடுகிறார். அதற்காகவே இதை அவசியம் படிக்கச் சொல்கிறேன்.

இந்த 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை முடித்தவர்கள் அதன் கடைசிப் பக்கங்களைப் பற்றி எழுதுங்கள், பேசலாம்.