54-ஆம் நம்பர் என்னதான் செய்கிறார்? லைன்பேக்கர் பற்றி ஒரு சந்தேகம்

புதுரசிகன்:
சான் ஹோசே வந்து இரண்டு சீசன் ஆகிறது. ஆபீசில் எல்லோரும் நைனர்ஸ் (சான் பிரான்சிஸ்கோ 49ers, அமெரிக்கக் கால்பந்து அணி) பைத்தியம், அதனால் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிறேன். டச்டவுன், சாக் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எறிவதற்குள் வீழ்த்துவது) எல்லாம் புரிகிறது. ஆனால் 54-ஆம் நம்பர் லைன்பேக்கர் பிரெட் வார்னரை ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்? பாதி நேரம் பந்துக்குப் பக்கத்திலேயே ஆளைக் காணோம். பந்தோடு ஓடி வருபவரைப் பிடித்துத் தள்ளுவதுதானே லைன்பேக்கர் வேலை? அதற்கு வேகம் எதற்கு?

மூன்றாவது_டவுன்:
அவர் நிற்கிற பக்கம் எறியப் பயந்துதான் பந்து வேறெங்கோ போகிறது நண்பரே.

இப்போது எதிரணி பெரும்பாலும் பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் மூன்று பேரை இறக்குகிறது. அதனால் ஒரு லைன்பேக்கரை வெளியே எடுத்துவிட்டு பாஸைத் தடுக்கப் பின்னால் நிற்கும் டிஃபென்சிவ் பேக்குகளில் ஐந்தாவது ஆளைக் கொண்டுவருவார்கள். இதுதான் நிக்கல். முன்வரிசையில் 4 பேர், பின்னால் 5 பேர், நடுவில் இரண்டே பேர். அந்த இருவரும் மந்தமாக இருந்தால் உதவிக்கு ஒரு சேஃப்டி, அதாவது கடைசியில் காவல் நிற்பவர், இறங்கி வர வேண்டும். அவர் இறங்கினால் அவர் தலைக்கு மேல் நீளமான பாஸ் போகும்.

பிளே ஆக்‌ஷனில் கவனித்துப் பாருங்கள். குவார்ட்டர்பேக் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்கிடம் அதைக் கொடுப்பதுபோல் காட்டுவார். வார்னரும் இரண்டு எட்டு முன்னால் வருவார். வரத்தான் வேண்டும், நிஜமாகவே கொடுத்துவிட்டால்? ஏமாந்தது தெரிந்ததும் அப்படியே திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் பாஸ் பிடிக்க ஓடும் டைட் எண்டின் வழியில் போய் நிற்பார். எறியத் தூக்கிய கை இறங்கிவிடும். முன்வரிசையிலிருந்து குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் நிக் போசாவுக்கு அந்த அரை நொடி போதும். சாக் போசா கணக்கில் ஏறும், டிவியிலும் அவரைத்தான் காட்டுவார்கள்.

கல்லூரியில் வார்னர் நடு லைன்பேக்கரே இல்லை. ஓரத்தில் நின்று ஸ்லாட் ரிசீவர்களை (வரிசையில் சற்று உள்ளே நிற்பவர்களை) துரத்தியவர். 2018 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) மூன்றாம் சுற்றில், 70-ஆவது ஆளாக எடுத்து நடுவில் நிறுத்தினார்கள்.

குளிர்கால_டிக்கெட்:
வார்னரை மட்டும் சொன்னால் எப்படி? அவர் பக்கத்தில் ஆடிய லைன்பேக்கர் டிரே கிரீன்லா எங்கே? 2019 டிசம்பர் 29, சியாட்டில். கடைசி நொடிகள், நான்காவது டவுன், அதாவது எதிரணிக்குக் கடைசி வாய்ப்பு. சியாட்டிலின் ஹாலிஸ்டர் பாஸைப் பிடித்து கோல் கோட்டின் பக்கம் திரும்புகிறார், கிரீன்லா வந்து மோதி அங்குலக் கணக்கில் நிறுத்தினார். 26-21. ஐந்தாம் சுற்றில் வந்த புதுமுகம்! அந்த ஒரு டாக்கிளில்தான் கான்ஃபரன்ஸில், அதாவது லீக்கின் நம் பாதியில், முதலிடம் கிடைத்தது.

அப்புறம் 2024 பிப்ரவரி சூப்பர் பவுல். ஓரத்திலிருந்து மைதானத்துக்குள் ஓடி வரும்போதே அவருக்கு அகில்லஸ் தசைநார் அறுந்துவிட்டது. யாரும் தொடக்கூட இல்லை. ஓவர்டைமில் 25-22 என்று சீஃப்ஸிடம் தோற்றோம். அவர் இருந்திருந்தால் என்று இன்னும் புலம்புகிறேன். வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை.

பழைய_கோச்:
சரி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். வேகமான லைன்பேக்கர்கள் பெரும்பாலும் எடை குறைந்தவர்கள். முன்னால் இருக்கும் நான்கு பேர் எதிரணியில் வழிவிடத் தடுப்பவர்களைப் பிடித்து வைக்காவிட்டால், அவர்களில் 300 பவுண்டு கார்டு ஒருவர் நேராக வந்து லைன்பேக்கர் மேலே விழுவார். அப்போது வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? டிஃபென்ஸுக்கான காசை முன்வரிசையில் கொட்டுவது சும்மா இல்லை.

புதுரசிகன்:
நேற்று ஒரு பழைய ஆட்டத்தைப் போட்டு 54-ஐ மட்டும் பார்த்தேன். முதல் கால்பகுதி முழுக்கப் பந்து எங்கே போனது என்றே தெரியவில்லை. ஒருமுறை டைட் எண்ட் கையைத் தூக்கிப் பந்து கேட்கிறார், குவார்ட்டர்பேக் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு மனம் மாறி வெளியே எறிந்துவிட்டார். இடையில் வார்னர் நிற்கிறார். இதைத்தானே சொன்னீர்கள்?